பன்றியை ஊர்வலம் விட்ட மளிகைக்காரர்... லிப்டன் என்ற பெயர் உலகத்தின் மனசில் நின்றது எப்படி?

ஒரு சின்ன மளிகைக் கடை. அதே தெருவில் ஏற்கெனவே நாலைந்து கடைகள் இருக்கு. எல்லா கடையிலும் அதே வெண்ணெய், அதே முட்டை. விளம்பரத்துக்குக் கொட்ட பெரிய பணமும் கையில் இல்லை. அப்படிப்பட்ட கடையின் பெயர் ஊர் மக்களின் வாயில் தினமும் வரணும்னா என்ன செய்வது?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஒரு இளைஞர் 150 ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்விக்குப் பதில் தேடினார். அவர் பெயர் தாமஸ் லிப்டன். ஆமா, டீத்தூள் பாக்கெட்டில் நாம் பார்க்கும் அதே லிப்டன்தான்.

ஆனால் அவர் தொடங்கியது டீயில் இல்லை. பன்றி இறைச்சியிலும் வெண்ணெயிலும் முட்டையிலும்தான். அங்கிருந்து டீ வரைக்கும் வந்த கதையில், இன்று சின்ன தொழில் செய்பவர்களுக்குத் தேவையான பாடம் நிறைய இருக்கு. ஒரு எச்சரிக்கையும் இருக்கு. அந்த எச்சரிக்கை தமிழர்களாகிய நமக்கு நெருக்கமானது.

யார் இந்த தாமஸ் லிப்டன்?

லிப்டனின் பெற்றோர் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியைச் சேர்ந்தவர்கள். பிழைப்பு தேடி கிளாஸ்கோ வந்தவர்கள். கோர்பல்ஸ் என்ற ஏழைகள் நிறைந்த பகுதியில் குடியிருந்தார்கள். அங்கே அப்பாவும் அம்மாவும் ஒரு சின்ன கடை போட்டார்கள். அயர்லாந்தில் இருந்து கப்பலில் வரும் வெண்ணெய், முட்டை, உப்பிட்ட பன்றி இறைச்சி ஆகியவைதான் சரக்கு. துறைமுகத்துக்குப் போய் சரக்கைத் தள்ளுவண்டியில் ஏற்றி வருவது சிறுவன் தாமஸின் வேலை.

அந்தக் கடையைப் பற்றி ஒரு கதை சொல்லப்படுகிறது. முட்டையை அப்பா எடுத்துக் கொடுத்தால் அவருடைய பெரிய கையில் அது சின்னதாகத் தெரிகிறதாம். அம்மாவின் கை சின்னது, அவர் கொடுத்தால் முட்டை பெரிசா தெரியும். அதனால் முட்டை வியாபாரத்தை அம்மா பார்க்கட்டும் என்று மகன் யோசனை சொன்னானாம். நடந்ததோ இல்லையோ, லிப்டனின் மூளை எப்படி வேலை செய்தது என்பதை இந்தக் கதை காட்டுது. பொருள் மட்டும் போதாது, அது வாடிக்கையாளர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதும் முக்கியம்.

அமெரிக்காவில் கற்றது என்ன?

லிப்டன் சின்ன வயசிலேயே பள்ளியை விட்டவர். கிளாஸ்கோவுக்கும் பெல்ஃபாஸ்ட்டுக்கும் இடையே ஓடிய கப்பலில் எடுபிடி வேலை பார்த்தார். 1860களின் நடுவில், இன்னும் பதின்வயசு தாண்டாத நிலையில், அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே பார்க்காத வேலை இல்லை. வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டம், தென் கரோலினாவில் நெல் தோட்டம் என்று அலைந்தார். கடைசியில் நியூயார்க்கின் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றில், மளிகைப் பிரிவில் வேலை கிடைத்தது. அவர் வாழ்க்கை திரும்பிய இடம் அதுதான்.

கிளாஸ்கோ கடைகள் அப்போது இருட்டாக இருக்கும். சரக்கு குவியலாகக் கிடக்கும். கடைக்காரர் யாராவது வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார். நியூயார்க் கடையில் வெளிச்சம், ஒழுங்காக அடுக்கிய பொருட்கள், சிரித்த முகத்தோடு பேசும் ஊழியர்கள். எல்லாத்துக்கும் மேலே விளம்பரம். வாடிக்கையாளர் வருவார் என்று காத்திருக்காமல், அவரை வரவைக்கும் வேலை அங்கே நடந்தது.

சில ஆண்டுகளில் ஊர் திரும்பினார். கையில் கொஞ்சம் சேமிப்பு. அம்மாவுக்காக ஒரு ஆடு நாற்காலியும் ஒரு பீப்பாய் மாவும் கொண்டு வந்தார். அவற்றைக் குதிரை வண்டியில் மேலே எல்லாருக்கும் தெரியும்படி வைத்து, தெரு வழியாக வீட்டுக்கு ஓட்டி வந்தார் என்பார்கள். பையன் அமெரிக்காவில் நல்லா இருக்கான் என்று தெருவே பேசணும், அதுதான் நோக்கம். யோசிச்சுப் பார்த்தா அதுதான் லிப்டனின் முதல் விளம்பரம்!

1871: முதல் கடை

1871 மே 10. கிளாஸ்கோவின் ஸ்டாப்கிராஸ் தெருவில் லிப்டன் தன் முதல் கடையைத் திறந்தார். அன்று தன்னுடைய 21-வது பிறந்தநாள் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் அவர் பிறந்தது 1848-ல் என்றுதான் ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். 21 வயசு முடிஞ்ச அன்னைக்கே சொந்தக் கடை என்றால் கேட்க நல்லா இருக்குமே! தன் வயசைக்கூட கதைக்கு ஏற்ற மாதிரி சொன்ன மனிதர் அவர். இதை மனசில் வைங்க, பின்னாடி தேவைப்படும்.

கடையில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. அவரே வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு கவுண்டரில் நின்றார். பொருளின் விலை அக்கம்பக்கத்துக் கடைகளைவிடக் குறைவு. காரணம், அயர்லாந்து விவசாயிகளிடம் நேரடியாக வாங்கினார். நடுவில் தரகர் இல்லை.

இந்த இடம்தான் முக்கியம். லிப்டன் விளம்பரத்தில் சொல்வதற்கு முன்னால், சொல்வதற்கு ஒரு விஷயம் கடையில் தயாராக இருந்தது. நடுவில் ஆள் இல்லை, அதனால் விலை குறைவு, சரக்கு புதுசு. கடைசி வரைக்கும் அவர் செய்த எல்லா விளம்பரத்துக்கும் அடியில் இருந்தது இந்த ஒரே செய்திதான்.

பன்றி, கண்ணாடி, நோட்டு

அந்தச் செய்தியை அவர் சொன்ன விதம்தான் ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

வில்லி லாக்ஹார்ட் என்ற கார்ட்டூன் ஓவியரைப் பிடித்தார். வாராவாரம் கடை ஜன்னலில் புதிய கேலிச்சித்திரம். இந்த வாரம் என்ன படம் என்று பார்க்கவே கூட்டம் கூடியது. அதில் ஒன்று ரொம்பப் பிரபலம். அயர்லாந்துக்காரர் ஒருவர் அழுகிற பன்றியை முதுகில் சுமந்து போகிறார். பன்றியின் சொந்தபந்தம் எல்லாம் ஏற்கெனவே லிப்டன் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். பாவம், அநாதையாக நிற்கிறதே என்று இதையும் அங்கேயே கொண்டுபோகிறாராம். கொஞ்சம் குரூரமான நகைச்சுவைதான், ஆனால் ஊரே சிரித்தது.

படம் பேசப்பட்டதும் லிப்டன் அடுத்த படி போனார். கொழுத்த நிஜப் பன்றிகளைக் குளிப்பாட்டி, ரிப்பன் கட்டி, இவை லிப்டனின் அநாதைகள் என்று எழுதிய பலகையோடு தெருவில் ஓட்டிவிட்டார். பன்றிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின, குதிரை வண்டிகள் நின்றன, சிறுவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். செலவு கொஞ்சம், பேச்சு ஊர் முழுக்க.

அடுத்தது கண்ணாடி. உருவத்தை மாற்றிக் காட்டும் கண்ணாடிகளை வாசலில் வைத்தார். உள்ளே போகும்போது பார்த்தால் ஆள் எலும்பும் தோலுமாகத் தெரிவார். வெளியே வரும்போது பார்த்தால் கன்னம் உப்பி, கொழுகொழுவென்று சிரிப்பார். இங்கே வாங்கிச் சாப்பிட்டால் தேறிவிடுவீங்க என்பதைக் கண்ணுக்கே காட்டிய விளம்பரம் இது. பசி தெரிந்த ஊரில் அந்தச் செய்தி நேராக வயிற்றில் போய் இறங்கியது.

பிறகு லிப்டன் நோட்டு. ஸ்காட்லாந்தின் 1 பவுண்டு நோட்டு மாதிரியே அச்சடித்த விளம்பரச் சீட்டு அது. 1 பவுண்டு மதிப்புள்ள சரக்கு தன் கடையில் 15 ஷில்லிங்குக்கே கிடைக்கும் என்பதுதான் அதில் இருந்த செய்தி. அதாவது 20 ஷில்லிங் பொருள், 15 ஷில்லிங்குக்கு. ஆனால் சிலர் அதை நிஜ நோட்டு என்று நினைத்தார்கள். வேறு சிலர் நிஜ நோட்டு என்று சொல்லி மாற்றப் பார்த்தார்கள். சிக்கல் வந்தது. விளம்பரம் அளவுக்கு மீறி நம்பும்படி இருந்தாலும் ஆபத்து என்பது அப்போதே தெரிந்தது.

தங்கக் காசு வைத்த சீஸ்

1881 கிறிஸ்துமஸ். அமெரிக்காவில் இருந்து ராட்சத சீஸ் ஒன்றை வரவழைத்தார் லிப்டன். பெயர் ஜம்போ. துறைமுகத்தில் இருந்து கடைக்கு வரும் வழியெல்லாம் மக்கள் கூட்டம். கடைக்கு வந்ததும் அதற்குள் தங்கக் காசுகளைச் செருகினார். யாருக்கு வெட்டித் தரும் துண்டில் காசு இருக்கும் என்று தெரியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் விற்பனை தொடங்கி, சில மணி நேரத்தில் முழு சீஸும் காலி. கூட்டத்தைக் கட்டுப்படுத்த போலீஸ் வர வேண்டியிருந்தது.

பின்னர் பல ஊர்களில் இதையே செய்தார். ஓர் ஊரில், காசு தொண்டையில் சிக்கும் அபாயம் இருக்கு என்று போலீஸ் எச்சரித்தது. லிப்டன் என்ன செய்தார்? அந்த எச்சரிக்கையையே பத்திரிகையில் விளம்பரமாகப் போட்டார் என்பார்கள். சீஸ் சாப்பிடும்போது கவனம், உள்ளே தங்கம் இருக்கலாம்! இதைவிட நல்ல விளம்பரம் வேறு என்ன வேண்டும்?

1887-ல் விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்கும் ஒரு ராட்சத சீஸைப் பரிசாகத் தர முன்வந்தார். அரண்மனை மறுத்துவிட்டது. ஆனால் செய்தி பத்திரிகைகளில் வந்துவிட்டதே. மறுப்பும் அவருக்கு விளம்பரமாகிவிட்டது.

1880களின் கடைசியில் பிரிட்டன் முழுக்க சுமார் 300 லிப்டன் கடைகள் இருந்தன.

டீ பக்கம் திரும்பியது ஏன்?

அப்போது பிரிட்டனில் நல்ல டீத்தூள் 1 பவுண்டு எடை, அதாவது சுமார் 450 கிராம், 3 ஷில்லிங் வரை விற்றது. உழைக்கும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. டீத்தூள் பெட்டியில் திறந்து கிடக்கும், கடைக்காரர் அள்ளி எடை போட்டுத் தருவார். எடையும் சந்தேகம், தரமும் சந்தேகம்.

இங்கேதான் லிப்டன் வாய்ப்பைப் பார்த்தார். 1889 வாக்கில் டீ விற்பனையில் இறங்கினார். மற்றவர்கள் 3 ஷில்லிங் சொன்ன இடத்தில் இவர் விலை 1 ஷில்லிங் 7 பென்ஸ். 1 பவுண்டு, அரை பவுண்டு, கால் பவுண்டு என்று முன்கூட்டியே எடை போட்டுக் கட்டிய பாக்கெட்டுகள். எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே தரம், ஒரே எடை. ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும், டீயின் ருசியும் மாறும். அதனால் அந்தந்த ஊர்த் தண்ணீருக்குப் பொருந்தும்படி டீத்தூளைக் கலந்தார்.

கவனிங்க, அந்த பாக்கெட்தான் இப்போது விளம்பரப் பலகை. வாடிக்கையாளர் வீட்டு அலமாரியில் தினமும் உட்கார்ந்திருக்கும் விளம்பரம்.

1890-ல் அவர் இலங்கைக்கு வந்தார். அங்கே காபித் தோட்டங்களை இலை நோய் ஒன்று அழித்துவிட்டிருந்தது. தோட்ட முதலாளிகள் நொடிந்துபோயிருந்தார்கள், நிலம் மலிவாகக் கிடைத்தது. ஹப்புத்தளை அருகே தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை லிப்டன் வாங்கினார். மலை உச்சியில் பறித்த கொழுந்தைக் கம்பி வடத்தில் தொங்கவிட்டு கீழே தொழிற்சாலைக்கு இறக்க ஏற்பாடு செய்தார்.

ஒரே வரி, உலகம் முழுக்க

இதற்குப் பிறகு வந்ததுதான் அவருடைய புகழ்பெற்ற விளம்பர வாசகம். தேயிலைத் தோட்டத்தில் இருந்து நேராக உங்கள் வீட்டு டீ பாத்திரத்துக்கு என்பது அதன் பொருள்.

இந்த வரி ஏன் வேலை செய்தது? சின்ன வரி, படிக்கத் தெரியாதவரும் ஒரு முறை கேட்டால் திருப்பிச் சொல்லலாம். கண்ணை மூடினால் இந்தப் பக்கம் பச்சை மலை, அந்தப் பக்கம் ஆவி பறக்கும் டீ. விலை ஏன் குறைவு என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கு. எல்லாத்துக்கும் மேலே, அது புது செய்தியே இல்லை. 1871-ல் வெண்ணெய்க்கும் முட்டைக்கும் சொன்ன அதே செய்திதான். நடுவில் ஆள் இல்லை.

20 வருஷமாக விளம்பரத்தின் வேஷம் மாறியது. பன்றி, கண்ணாடி, நோட்டு, சீஸ், டீ பாக்கெட். செய்தி மாறவே இல்லை.

அந்த வரி சொல்லாமல் விட்டது என்ன?

இப்போது எச்சரிக்கைக்கு வருவோம். லிப்டனின் விளம்பரத்தைப் படித்தவர்கள், அவர் விற்கும் டீ எல்லாம் அவருடைய சொந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று நம்பினார்கள். உண்மை அது இல்லை. சொந்தத் தோட்டங்களில் விளைந்தது அவர் விற்ற டீயில் ஒரு சின்ன பங்குதான். மீதியை மற்றவர்களைப் போலவே அவரும் சந்தையில்தான் வாங்கினார். வயசைக் கதைக்கு ஏற்ற மாதிரி சொன்னவர் என்று முன்பே பார்த்தோம் இல்லையா? டீ கதையும் கொஞ்சம் அப்படித்தான்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. தோட்டத்துக்கும் டீ பாத்திரத்துக்கும் நடுவில் யாருமே இல்லையா? இருந்தார்கள். நம்ம ஆட்கள் இருந்தார்கள்.

இலங்கையின் மலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றைய சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களில் இருந்து போனவர்கள். பஞ்சமும் கடனும் ஊரை விட்டுத் துரத்தியவர்கள். கங்காணிகள் அவர்களைத் திரட்டி அழைத்துப் போனார்கள். பயணச் செலவும் முன்பணமும் கடனாக அவர்கள் தலையில் ஏறியது. அந்தக் கடன் தீரும் வரை வேறு தோட்டத்துக்கும் போக முடியாது. வரிசையாகக் கட்டிய லயன் அறைகளில் குடும்பத்தோடு வாழ்க்கை. அட்டைக் கடியும் பனியும் மழையும் தாண்டி, முதுகில் கூடையோடு கொழுந்து பறித்தார்கள்.

டீ விலை குறைந்ததற்கு இடைத்தரகர் இல்லாதது ஒரு காரணம் என்றால், இவர்களின் குறைந்த கூலி இன்னொரு காரணம். விளம்பரப் படங்களில் தோட்டத்துப் பெண்கள் அழகாகச் சிரித்தார்கள். அவர்களுடைய கூலியைப் பற்றி எந்த பாக்கெட்டும் பேசவில்லை.

அந்த மக்களின் கதை அங்கேயே முடியவும் இல்லை. இலங்கை சுதந்திரம் அடைந்ததும், 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. தலைமுறைகளாக அங்கே உழைத்த லட்சக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

தோற்றும் பெயர் வாங்கியவர்

1897-ல் விக்டோரியா ராணியின் வைரவிழா. லண்டன் ஏழைகளுக்கு விருந்து தர இளவரசி அலெக்சாண்ட்ரா நிதி திரட்டினார், பணம் போதவில்லை. லிப்டன் 25,000 பவுண்டு கொடுத்தார். அடுத்த ஆண்டே சர் பட்டம் வந்தது. அதே 1898-ல் அவர் நிறுவனம் பங்குச் சந்தைக்கும் வந்தது.

பிறகு அமெரிக்கா கோப்பை படகுப் போட்டி. 1899, 1901, 1903, 1920, 1930 என்று ஐந்து முறை போட்டியிட்டார். ஐந்து படகுக்கும் ஷாம்ராக் என்றே பெயர். ஐந்து முறையும் தோல்வி! ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு ஜெயித்தவர்களை வாழ்த்தினார். அமெரிக்கர்களுக்கு இந்தக் கிழவரை ரொம்பப் பிடித்துப்போனது. 1930-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டி அவருக்குத் தனியாக ஒரு தங்கக் கோப்பை கொடுத்தார்கள். அமெரிக்கக் கடைகளில் லிப்டன் டீக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது.

ஆனால் கடைசிக் காலம் முழுக்க வெளிச்சம் இல்லை. 1914-ல், பிரிட்டிஷ் ராணுவ கேன்டீன் வியாபாரத்துக்காக லஞ்சம் கொடுத்த வழக்கில் அவர் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் சிக்கினார்கள். லிப்டன் மீது வழக்கு இல்லை. ஆனாலும் நேர்மையான மளிகைக்காரர் என்று இத்தனை வருஷம் கட்டிய பெயரில் கறை விழுந்தது. 1920களின் பிற்பகுதியில் நிறுவனமும் அவர் கையை விட்டுப் போனது.

1931 அக்டோபர் 2-ல் லண்டனில் காலமானார். சொத்தில் பெரும்பகுதியை கிளாஸ்கோ நகரத்துக்கே எழுதி வைத்தார். பெற்றோரைப் புதைத்த அதே கல்லறைத் தோட்டத்தில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

சின்ன தொழில் செய்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

முதல்ல சரக்கு, அப்புறம்தான் வாசகம். லிப்டன் நேரடியாகக் கொள்முதல் செய்த பிறகுதான் அதைச் சொன்னார். உங்க கடையில் மட்டும் இருக்கும் ஒரு நல்ல விஷயம் எது? அதைத் தேடுங்க, வார்த்தை தானா வரும்.

ஒரே செய்தி போதும். தரம், விலை, சேவை, பாரம்பரியம்னு எல்லாத்தையும் ஒரே பலகையில் எழுதினால் எதுவும் மனசில் நிற்காது.

செய்தியை மாத்தாதீங்க, காட்டும் விதத்தை மாத்துங்க. வாராவாரம் புதுப் படம் போட்டாலும், எல்லாப் படமும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னது.

முடிந்தவரை கண்ணுக்குக் காட்டுங்க. கண்ணாடி சொன்ன அளவுக்கு நூறு வரி விளம்பரம் சொல்லாது.

கடைசியா, உங்க விளம்பர வரியை எழுதி வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்க. இதில் யார் விடுபட்டிருக்காங்க? வீட்டில் செய்த ஊறுகாய் என்று எழுதினால், அது எந்த வீட்டில் செய்தது, செய்தவருக்கு எவ்வளவு கூலி என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள். அன்றைக்குத் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தால், அதுதான் சரியான வரி.

ஹப்புத்தளை மலையில் லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம் இன்றும் லிப்டன் சீட் என்ற பெயரில் சுற்றுலாத் தலமாக இருக்கு. அங்கே அவருக்கு ஒரு சிலையும் உண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பயணிகள் செல்ஃபி எடுக்கிறார்கள். கீழே சரிவில் இன்றைக்கும் தமிழ்ப் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள்.